பெயரை விடுங்கள், நிலத்தைப் பிடியுங்கள்: பழைய அமெரிக்க விவசாயி ஒருவரின் தடம் தேடுவது எப்படி?

1859 டிசம்பரில் ஆபிரகாம் லிங்கன் தன் வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாக எழுதி ஒரு நண்பருக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு அதிபர் தேர்தல். அவரைப் பற்றி நாட்டில் பலருக்கும் தெரியாது, அதனால் கேட்டிருந்தார்கள். தன் தாத்தாவின் பெயரும் ஆபிரகாம் லிங்கன்தான் என்றும், அவர் வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுண்டியிலிருந்து (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் ஒரு சிறு நிர்வாகப் பகுதி) 1781 அல்லது 82 வாக்கில் கென்டக்கிக்குக் குடிபெயர்ந்தார் என்றும், ஓரிரு ஆண்டுகளில் காட்டைத் திருத்தி வயலாக்கிக்கொண்டிருந்தபோது பூர்வகுடியினரால் மறைந்திருந்து கொல்லப்பட்டார் என்றும் அதில் எழுதினார். அதற்கும் முந்தையவர்கள் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டியிலிருந்து வந்த, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் என்பது குடும்பத்தில் வழங்கிவந்த செய்தி. அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தில் இருந்த இன்னொரு லிங்கன் குடும்பத்தோடு உறவு உண்டா என்று தேடிப் பார்த்ததில், இரு பக்கமும் ஈனோக், லீவை, மோர்டெக்காய், சாலமன், ஆபிரகாம் என்று ஒரே மாதிரிப் பெயர்கள் இருப்பதைத் தவிர வேறெதுவும் உறுதியாகவில்லை என்றும் சொல்லியிருந்தார்.

அவர் ஒரு வழக்கறிஞர். நீதிமன்றப் பதிவேடுகளிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். அவருக்கே தாத்தாவுக்கு அந்தப் பக்கம் மங்கலாகத்தான் தெரிந்தது. அவர் சந்தேகப்பட்ட அந்த உறவு உண்மைதான் என்பது பிற்காலத்தில்தான் நிலைநாட்டப்பட்டது. 1637-ல் இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்ஸுக்கு வந்து ஹிங்கமில் குடியேறிய சாமுவேல் லிங்கன் என்ற நெசவாளரின் நேர் வாரிசு அவர். இந்தத் தொடர்ச்சியை நிறுவியது பெயர் ஒற்றுமை அல்ல. உயில்களும் நிலப் பத்திரங்களும் நீதிமன்றப் பதிவுகளும்தான். இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். லிங்கன் குடும்பத்தை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் அவருடைய புகழ் அல்ல. அந்தக் குடும்பம் பல தலைமுறைகள் மண்ணையும் கைத்தொழிலையும் நம்பி, இடம் விட்டு இடம் போய்க்கொண்டே இருந்த குடும்பம். பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்காவில் பெரும்பாலானோர் அப்படித்தான் வாழ்ந்தார்கள்.

விவசாயி ஏன் நீதிமன்றத்தில் இருக்கிறார்?

முதலில் ஒரு விஷயம். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790-ல்தான் தொடங்குகிறது. 1840 வரை குடும்பத் தலைவரின் பெயரை மட்டும் எழுதிவிட்டு, மற்றவர்களைத் தலை எண்ணி விட்டுவிட்டார்கள். வீட்டிலிருந்த ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்டது 1850 முதல்தான், அதுவும் அடிமைப்படுத்தப்படாதவர்களுக்கு மட்டும். பிறப்புச் சான்றிதழ் போன்றவை பல மாநிலங்களில் இன்னும் பிந்தி வந்தவை. நியூ இங்கிலாந்து ஊர்களில் பிறப்பு இறப்பை ஓரளவு எழுதிவைத்தார்கள். தெற்கிலும் மேற்கு எல்லைப் பகுதிகளிலும் அந்தப் பழக்கம் பெரும்பாலும் இல்லை. அந்த விவசாயி கடிதம் எழுதியிருக்க மாட்டார், நாட்குறிப்பு வைத்திருக்க மாட்டார். பலருக்குக் கையெழுத்தே வராது, ஒரு கீறல் போட்டார்கள்.

ஆனால் அவரிடம் நிலம் இருந்தது. நிலம் கை மாறும்போது யாராவது எழுதியாக வேண்டும். அவர் செத்தால் கடன்காரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், மாடு கன்றைப் பிரிக்க வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு என்று முடிவு செய்ய வேண்டும். இதையெல்லாம் செய்தது கவுண்டி நீதிமன்றம். மாவட்டத்தைவிடச் சிறிய, தாலுகா அளவு என்று வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு பகுதிக்கு ஒரு நீதிமன்றம். பல இடங்களில் மாதம் ஒருமுறை கூடும். வழக்கு மட்டும் அல்ல, சாலை போடுவது, வரி வசூல், கால்நடையின் காதில் போடும் அடையாளக் குறியைப் பதிவது எல்லாமே அங்கேதான். அதனால் ஒரு சண்டை சச்சரவுக்கும் போகாத மனிதரின் பெயர்கூட அந்தப் பதிவேடுகளில் திரும்பத் திரும்ப வரும்.

உயில் எழுதியவர், எழுதாமல் போனவர்

உயிலிலிருந்து தொடங்குவோம். லிங்கன் மரபில் மூன்றாம் தலைமுறை மோர்டெக்காய் லிங்கன், மாசசூசெட்ஸிலிருந்து நியூ ஜெர்சிக்குப் போய், அங்கிருந்து பென்சில்வேனியாவின் அமிட்டி என்ற ஊருக்கு வந்தவர். 1736-ல் இறந்தார். அவருடைய உயிலின் தேதி 1735/36 பிப்ரவரி 22. இரண்டு ஆண்டுகள் ஏன் என்று குழம்ப வேண்டாம். 1752 வரை இங்கிலாந்திலும் அதன் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் புத்தாண்டு மார்ச் 25-ல்தான் பிறந்தது. ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான நாட்கள் பழைய கணக்கில் 1735, நம் கணக்கில் 1736. இதைக் கவனிக்காவிட்டால், ஒருவர் உயில் எழுதி ஒன்றேகால் ஆண்டு கழித்து இறந்தார் என்று கணக்குப் போட்டுவிடுவோம். உண்மையில் மூன்றே மாதம்தான்.

அந்த உயில் சொல்லும் செய்திகளைப் பாருங்கள். அமிட்டியில் இருந்த நிலம் மோர்டெக்காய், தாமஸ் என்ற இரு மகன்களுக்கு. மனைவி மேரி அப்போது கருவுற்றிருக்கக்கூடும் என்பதால், ஆண் குழந்தை பிறந்தால் அதே நிலத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. அப்படியே ஒரு மகன் பிறந்தான், அவனுக்கும் ஆபிரகாம் என்றுதான் பெயர். நியூ ஜெர்சியில் இருந்த 300 ஏக்கர் ஜான் என்ற மகனுக்கு. இந்த ஜான் முதல் மனைவிக்குப் பிறந்தவர். உயிலை நிறைவேற்ற மனைவிக்குத் துணையாக நியமிக்கப்பட்டவர்களில் ஒருவர் ஜார்ஜ் பூன்.

இப்போது அந்த 300 ஏக்கரைப் பிடித்துக்கொள்ளுங்கள். பென்சில்வேனியாவில் அப்போது ஜான் லிங்கன் என்ற பெயரில் ஒருவர் இருந்தார் என்றால், அவர்தான் மோர்டெக்காயின் மகன் என்று பெயரை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் 1748-ல் லான்காஸ்டர் கவுண்டியில் வசித்த ஜான் லிங்கன் என்ற நெசவாளர், தான் அமிட்டி மோர்டெக்காய் லிங்கனின் மகன், வாரிசு என்று எழுதிக் கொடுத்து, நியூ ஜெர்சியில் இருந்த 300 ஏக்கரை விற்கிறார். முடிந்தது. அப்பாவின் உயிலில் மகனுக்குப் போன நிலமும், மகன் விற்ற நிலமும் ஒன்றே. நம் ஊரில் சொத்து வாங்குகிறவர்கள் மூலப் பத்திரத்தைத் தேடிப் பின்னோக்கிப் போவார்களே, அதே வேலைதான் இது. ஒரு வித்தியாசம், அங்கே வில்லங்கம் பார்ப்போம், இங்கே வம்சத்தைப் பார்க்கிறோம்.

இந்த ஜான்தான் பின்னால் வர்ஜீனியாவுக்குப் போய், 1768-ல் லின்வில் க்ரீக் என்ற ஓடைக் கரையில் 600 ஏக்கர் வாங்கியவர். அந்த நிலத்தில் ஒரு பகுதியை 1773-ல் மகன் ஆபிரகாமுக்கு, அதாவது அதிபர் லிங்கனின் தாத்தாவுக்கு, பெயரளவு விலைக்கு எழுதிக் கொடுத்தார். நல்ல வயல் சில ஷில்லிங்குக்குக் கை மாறுகிறது என்றால், வாங்குகிறவர் பெரும்பாலும் மகன் அல்லது மருமகன். இப்படி உயிரோடு இருக்கும்போதே பிரித்துக் கொடுத்துவிட்ட மகனின் பெயர் அப்பாவின் உயிலில் வராமலே போகலாம், அல்லது ஒரே ஒரு ஷில்லிங் எழுதியிருக்கலாம். அதைப் பார்த்து அப்பாவுக்கும் மகனுக்கும் பகை என்று முடிவு கட்ட வேண்டாம். பங்கு ஏற்கெனவே போய்விட்டது, அவ்வளவுதான்.

உயிலை வாசிக்கும்போது உறவுச் சொற்களில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒரே ஊரில் சீனியர், ஜூனியர் என்று இருவர் இருந்தால் அவர்கள் அப்பா மகனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சித்தப்பாவும் அண்ணன் மகனும்கூட அப்படி அழைக்கப்பட்டார்கள், ஏன், உறவே இல்லாத இருவரும்கூட. மகளின் பெயரோடு புதிய குடும்பப் பெயர் வந்தால் அதுதான் உங்களுக்குப் பொக்கிஷம். ஒரு பெண் யாரைக் கட்டிக்கொண்டார் என்பதற்குப் பல நேரம் அதைத் தவிர வேறு சான்றே இருக்காது.

சரி, உயில் எழுதாமல் இறந்தவர்? அவர்கள்தான் அதிகம். வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது 1786-ல் கொல்லப்பட்ட லிங்கனின் தாத்தா, கேப்டன் ஆபிரகாம், அப்படிப்பட்டவர். அந்தச் சாவின் பின்னணியையும் மறைக்கக் கூடாது. ஷானி முதலிய பூர்வகுடி மக்கள் வேட்டையாடி வாழ்ந்த நிலத்தில், அவர்கள் சம்மதமில்லாமல் குடியேறிகள் வந்து அளந்து கல் நட்ட காலம் அது. அங்கே எழுதப்பட்ட ஒவ்வொரு நிலப் பத்திரத்துக்குப் பின்னாலும் அந்தக் கதை இருக்கிறது.

உயில் இல்லாதபோது நீதிமன்றம் ஒரு நிர்வாகியை நியமிக்கும். முதல் உரிமை விதவைக்கும் நெருங்கிய உறவுக்கும். அவர் சொத்தை ஒழுங்காகப் பார்த்துக்கொள்வேன் என்று ஒரு தொகைக்குப் பிணைப் பத்திரம் எழுதித் தர வேண்டும், கூடவே ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். அப்புறம் அக்கம்பக்கத்து ஆட்கள் மூன்று நான்கு பேரை அனுப்பிச் சொத்துக்கு விலை போடச் சொல்வார்கள். கேப்டன் ஆபிரகாமுக்கு இது நடந்தது 1788 அக்டோபரில், கென்டக்கியின் நெல்சன் கவுண்டி நீதிமன்றத்தில். நிர்வாகி அவர் மனைவி அல்ல, ஜான் கோல்ட்வெல் என்பவர். பிணைத் தொகை 1000 பவுண்டு. பிணைத் தொகை பொதுவாகச் சொத்து மதிப்பைவிடக் கணிசமாக அதிகமாகவே வைக்கப்படும், அதைச் சொத்தின் மதிப்பு என்று எண்ணிவிடக் கூடாது.

68 பவுண்டு, 16 ஷில்லிங், 6 பென்ஸ்

எல்லா ஆவணங்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சொத்துப் பட்டியல்தான். உயில் ஒருவர் என்ன நினைத்தார் என்று சொல்லும். பட்டியல் அவர் காலையில் எழுந்து கையில் எதை எடுத்தார் என்று சொல்லும். கேப்டன் ஆபிரகாமின் பட்டியலில் இருந்தவை இவை. செந்நிறக் குதிரை ஒன்று, கறுப்புக் குதிரை ஒன்று. கன்றோடு மூன்று பசுக்கள், ஒரு வயதுக் காளைக்கன்று ஒன்று, கிடாரி ஒன்று. ஏரும் அதற்கான பூட்டுச் சாமான்களும். களைக்கொத்து மூன்று. ஆளி நார் நூற்கும் ராட்டை ஒன்று. இஸ்திரிப் பெட்டி ஒரு ஜோடி. பியூட்டர் என்ற ஈயக் கலவையில் செய்த தட்டு ஒரு டஜன், பெரிய தட்டு இரண்டு. மூடியோடு கூடிய இரும்புச் சட்டி. கைவாள், மூன்று அளவுகளில் துளையிடும் திருகூசிகள், இழைப்புக் கத்தி. தோல் பதனிடுகிறவர்களின் கத்தி, மரப்பட்டை உரிக்கும் இரும்பு. துப்பாக்கி மூன்று. இறகு மெத்தை இரண்டு, வான்கோழி இறகு அடைத்த மெத்தை ஒன்று. மெழுகுவத்தித் தாங்கி ஒன்று. கோடரி ஒன்று. மொத்தம் 68 பவுண்டு, 16 ஷில்லிங், 6 பென்ஸ்.

இதை மெதுவாக வாசியுங்கள். தோல் கத்தியும் பட்டை உரிக்கும் இரும்பும் ஒன்றாக இருக்கின்றன. தோல் பதனிடுவதற்கு ஓக் போன்ற மரங்களின் பட்டைதான் தேவை. ஆக, அந்த வீட்டில் யாரோ தோல் வேலை செய்திருக்கிறார்கள். ராட்டை இருப்பதால் துணிக்கு நூல் வீட்டிலேயே நூற்றிருக்கிறார்கள். மெத்தைகள் மூன்றும் சேர்ந்து கிட்டத்தட்ட 15 பவுண்டு. பட்டியலில் உள்ள விலைப்படி, கன்றோடு இரண்டு பசுக்களைக் கொடுத்தாலும் ஒரு நல்ல மெத்தையின் விலையை ஒட்டித்தான் வரும். அந்தக் காலத்தில் படுக்கை என்பது எவ்வளவு பெரிய சொத்து என்று இதிலிருந்து தெரியும். உயில்களில் எந்த மகளுக்கு எந்த மெத்தை என்று அவ்வளவு கவனமாக எழுதியதும் அதனால்தான்.

பட்டியலில் இல்லாதவற்றையும் பார்க்க வேண்டும். மேசை, நாற்காலி இல்லை. வீட்டில் வெட்டிய மரத்தில் தானே செய்துகொண்டவற்றுக்கு விலை போடும் பழக்கம் இருந்ததா, இல்லையா என்பதைப் பொறுத்தது அது, அதனால் உட்கார இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நிலமும் இல்லை. இதற்குக் காரணம் வேறு. இந்தப் பட்டியல் அசையும் சொத்துக்கு மட்டும்தான். நிலம் வேறு விதியின்படி நேரே வாரிசுக்குப் போனது. கேப்டன் ஆபிரகாம் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு உரிமை வைத்திருந்தவர். பட்டியலை மட்டும் பார்த்தால் அவரை ஏழை என்று நினைத்துவிடுவோம்.

அந்த வேறு விதி இந்தக் குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றியது. கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதி. உயில் இல்லாவிட்டால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கு என்பது வர்ஜீனியாவின் பழைய சட்டம். அதை மாற்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு என்று 1785-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அது நடைமுறைக்கு வந்தது 1787 ஜனவரி 1 அன்று. கேப்டன் ஆபிரகாம் இறந்தது அதற்குச் சில மாதங்கள் முன்னால். மூத்த மகன், அவர் பெயரும் மோர்டெக்காய்தான், நிலத்துக்கு வாரிசானார். கடைசி மகன் தாமஸ், அதாவது அதிபர் லிங்கனின் அப்பா, சிறுவயதிலேயே கூலி வேலைக்கு ஊர் ஊராக அலைந்தார் என்று லிங்கனே பிற்பாடு எழுதியிருக்கிறார். ஒரு சட்டம் எந்த நாளில் நடைமுறைக்கு வந்தது என்று பார்ப்பது உலர்ந்த வேலை போலத் தோன்றும். ஆனால் ஒரே வீட்டில் அண்ணன் நிலக்காரராகவும் தம்பி கூலியாளாகவும் ஏன் ஆனார்கள் என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பட்டியலில் மனிதர்கள் இல்லை. ஆனால் வர்ஜீனியா, மேரிலாந்து, கரோலினா விவசாயிகளின் பட்டியல்களைத் திறந்தால், குதிரைக்கும் கலப்பைக்கும் நடுவே ஒரு பெண்ணின் முதற்பெயரும் அவளுடைய குழந்தையின் பெயரும் விலையோடு எழுதியிருக்கும். வாசிக்கும்போது மனம் கனக்கும். ஆனாலும் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகாதீர்கள், எழுதி வையுங்கள். அடிமைப்படுத்தப்பட்டவர்களில் பெரும்பாலானோரின் பெயர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதன்முதலாக வருவது 1870-ல்தான். அதற்கு முன்னால் தன் முன்னோரைத் தேடும் ஆப்பிரிக்க அமெரிக்கருக்கு, இன்னொருவரின் உயிலும் சொத்துப் பட்டியலும்தான் பல சமயம் ஒரே வழி.

மனைவியின் பெயர், எழுத்தரின் காது, கவுண்டியின் எல்லை

கணவர் நிலத்தை விற்றாலும் அதில் மனைவிக்கு ஓர் உரிமை உண்டு. அவர் இறந்தால் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை விதவை தன் ஆயுள் முழுக்க அனுபவிக்கலாம். எனவே நிலத்தை வாங்குகிறவர், மனைவி அந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாகப் பதிவு கேட்பார். கணவரை வெளியே நிறுத்திவிட்டு மனைவியிடம் தனியாக, விருப்பத்தோடுதான் சம்மதிக்கிறாயா என்று விசாரிப்பார்கள். அவரால் வர முடியாவிட்டால் வீட்டுக்கு ஆளனுப்பிக் கேட்பார்கள். கேப்டன் ஆபிரகாம் 1780-ல் வர்ஜீனியா நிலத்தை விற்றார். 1781-ல் அவர் மனைவி தன் உரிமையை விட்டுக்கொடுத்த பதிவில் பெயர் பெர்ஷீபா. லிங்கனின் பாட்டி வேறொரு பெண், பெயர் மேரி என்றெல்லாம் பின்னால் எழுதியவர்கள் உண்டு. அந்த வாதத்தில் இந்த ஒற்றைப் பதிவுக்கு இருக்கும் எடை பெரியது. பெண்களின் பெயர் ஆவணங்களில் அரிதாகவே வரும் காலத்தில், இந்த உரிமை விடுவிப்புப் பதிவுகளை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.

பெயர் எழுதும் விதத்தைப் பொறுத்தவரை, எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார், அவ்வளவுதான். 1785 மே மாதம் கென்டக்கியில் லாங் ரன் ஓடையருகே 400 ஏக்கரை அளந்த ஆவணத்தில் நில உரிமையாளர் ஆபிரகாம் லிங்க்ஹார்ன். அளவுச் சங்கிலியைப் பிடித்தவர்களில் ஜோசயா, ஹனனையா என்று இரண்டு லிங்கன்கள். இதிலிருந்து மூன்று செய்திகள் கிடைக்கின்றன. லிங்க்ஹார்ன் என்பதும் லிங்கன் என்பதும் ஒன்றுதான். சங்கிலி பிடித்தவர்கள் பெரும்பாலும் உறவினர்களோ அண்டை வீட்டாரோ ஆக இருப்பார்கள் என்பதால் அந்தப் பெயர்களையும் தேட வேண்டும். மூன்றாவது, 1785 மே வரை அவர் உயிரோடு இருந்தார். லிங்கனின் கடிதத்தில் சொன்னபடி 1781 அல்லது 82-ல் குடிபெயர்ந்து ஓரிரு ஆண்டுகளில் இறந்திருந்தால் இது சாத்தியமே இல்லை. குடும்பத்தில் சொல்லிவந்த ஆண்டை நில அளவை திருத்துகிறது.

எங்கே தேடுவது என்பதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். அமெரிக்கக் கவுண்டிகள் உடைந்துகொண்டே இருந்தன. மோர்டெக்காய் வாழ்ந்த அமிட்டி இன்று பெர்க்ஸ் கவுண்டியில் இருக்கிறது. ஆனால் பெர்க்ஸ் உருவானதே 1752-ல். 1736-ல் அது பிலடெல்ஃபியா கவுண்டி, உயில் அங்கேதான் பதிவானது. லின்வில் க்ரீக் 1778 வரை ஆகஸ்டா கவுண்டி, அதற்குப் பிறகுதான் ராக்கிங்ஹாம். விவசாயி ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் அவருடைய ஆவணங்கள் மூன்று நீதிமன்றங்களில் சிதறிக் கிடக்கும்.

இதனால் ஒரு பெண்ணின் மானமே பேச்சுப் பொருளான கதை உண்டு. லிங்கனின் பெற்றோர் தாமஸும் நான்சி ஹாங்க்ஸும் வாழ்ந்தது கென்டக்கியின் ஹார்டின் கவுண்டி. திருமணப் பதிவை அங்கே தேடினார்கள், இல்லை. அவர்கள் மணம் செய்துகொள்ளவே இல்லை என்ற வதந்தி பரவியது. பதிவு இருந்ததோ வாஷிங்டன் கவுண்டியில், நான்சி வளர்ந்த பக்கத்தில். 1806 ஜூன் 10 அன்று தாமஸும் ரிச்சர்ட் பெர்ரியும் 50 பவுண்டுக்கு எழுதிக் கொடுத்த திருமணப் பிணைப் பத்திரம், ஜூன் 12 அன்று ஜெஸ்ஸி ஹெட் என்ற போதகர் மணம் செய்துவைத்ததாகக் கொடுத்த குறிப்பு. 1878-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குள் மகன் அதிபராகி, கொல்லப்பட்டு, பதிமூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. திருமணம் பெண் வீட்டார் இருந்த கவுண்டியில்தான் பெரும்பாலும் பதிவாகும் என்ற ஒரு சிறிய விதி தெரிந்திருந்தால் போதும்.

வழக்குகள்

நிலத் தகராறு வழக்குகளைப் பார்த்து அஞ்ச வேண்டாம், அங்கேதான் ஆட்கள் வாய் திறந்து பேசுகிறார்கள். கென்டக்கியில் இந்த மரம், அந்த ஓடை என்று அடையாளம் சொல்லி அவரவர் விருப்பப்படி அளந்துகொள்ள விட்டதால், ஒருவர் நிலத்தின் மேல் இன்னொருவர் நிலம் ஏறியது. தாமஸ் லிங்கன் 1808-ல் 200 டாலருக்கு வாங்கிய சிங்கிங் ஸ்பிரிங் பண்ணையில் உரிமைச் சிக்கல். அடுத்துப் போன நாப் க்ரீக்கில் 1815-ல் அவரையும் பக்கத்து விவசாயிகளையும் வெளியேற்றக் கோரி வழக்கு. 1816-ல் குடும்பம் இண்டியானாவுக்குப் போனது ஓரளவு அடிமை முறை காரணமாகவும், முக்கியமாக நில உரிமைச் சிக்கலாலும் என்று லிங்கன் எழுதியிருக்கிறார்.

இவற்றில் சமநீதி நீதிமன்ற வழக்குகள்தான், அதாவது சட்ட எழுத்தைவிட நியாயத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன நீதிமன்றத்தின் வழக்குகள்தான், தனிச் சுரங்கம். ஒரு கிழவர் இறந்து, பங்கு பிரிப்பதில் பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள் என்றால், மனுவில் எல்லா வாரிசுகளின் பெயரும் வந்தாக வேண்டும். இறந்துபோன மகளின் பிள்ளைகள், ஒஹையோவுக்குப் போய்விட்ட மருமகன் என்று ஒருவர் விடாமல் வரும். சாட்சிகளோ தன் வயது, எந்த ஆண்டு அங்கே குடிவந்தேன், அவரை எத்தனை ஆண்டாகத் தெரியும் என்றெல்லாம் சொல்லுவார்கள். ஒரு வயதான அயலார், இந்த எல்லை மரத்தை நான் சிறுவனாக இருந்தபோது அவருடைய அப்பா காட்டினார் என்று சொல்லும் ஒரு வரி, மூன்று தலைமுறைகளைக் கட்டிப் போட்டுவிடும்.

அயலார் என்றதும் ஜார்ஜ் பூனை மறந்துவிட வேண்டாம். மோர்டெக்காயின் உயிலில் வந்த பெயர் அது. கென்டக்கிப் பாதையைத் திறந்தவராகப் புகழ்பெற்ற டேனியல் பூனின் குடும்பம் அதுதான், லிங்கன்களுக்கு அடுத்த பண்ணைக்காரர்கள். உயிலில் பிறக்கப்போகும் பிள்ளை என்று சொல்லப்பட்ட அந்த ஆபிரகாம் வளர்ந்து மணந்தது ஆன் பூன் என்ற பெண்ணை. பின்னால் இரு குடும்பக் கிளைகளும் தெற்கே ஷெனண்டோவா பள்ளத்தாக்கு வழியாக நகர்ந்தன. சாட்சி, ஜாமீன்தார், மதிப்பீட்டாளர், பக்கத்து நிலக்காரர் என்று ஒரே ஏழெட்டுப் பெயர்கள் ஓர் ஆவணத்தில் சேர்ந்து வந்தால் அவற்றைத் தனித் தாளில் எழுதி வையுங்கள். உங்கள் ஆள் திடீரென்று பதிவேட்டிலிருந்து மறைந்துவிட்டால், அந்தப் பெயர்கள் எந்தக் கவுண்டியில் மறுபடி தோன்றுகின்றன என்று பாருங்கள். அவரும் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார். அந்தக் காலத்தில் தனியாக யாரும் காட்டுக்குப் போகவில்லை.

பதிவேடே எரிந்துபோயிருந்தால்? ராக்கிங்ஹாம் கவுண்டிக்கே அது நேர்ந்தது. உள்நாட்டுப் போரில், 1864-ல், பத்திரமான இடத்துக்கு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோன பதிவேடுகளுக்கு வடக்குப் படையினர் வழியில் தீ வைத்தார்கள். ஓரம் கருகிய சில பதிவேடுகள் மிஞ்சின. இப்படிப்பட்ட இடங்களில் மாநில அளவில் இருந்த நகல்களைத் தேட வேண்டும். முதல்முறை நிலம் வழங்கிய பட்டாக்கள் மாநிலத் தலைநகரில் இருந்தன. வர்ஜீனியாவில் 1782 முதல் ஆண்டுதோறும் எடுத்த வரிப் பட்டியல்களும் அப்படித்தான். ஒருவர் வரிப் பட்டியலில் ஓர் ஆண்டு இருந்து, அடுத்த ஆண்டு அதே இடத்தில் அவர் மனைவியின் பெயரோ, அவருடைய சொத்து நிர்வாகத்தின் பெயரோ வந்தால், சாவின் ஆண்டு கையில் கிடைத்துவிட்டது.

இன்று இவற்றில் மிகப் பெரும் பகுதியை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் கவுண்டி உயில் பதிவேடுகள், பத்திரப் பதிவேடுகள், நீதிமன்ற ஆணைப் பதிவேடுகளின் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய கையெழுத்தைக் கணினியே வாசித்துத் தேட உதவும் வசதியும் சில ஆண்டுகளாக அங்கே இருக்கிறது. வர்ஜீனியா மாநில நூலகம் சமநீதி வழக்குகளின் அட்டவணையையும் ஏராளமான வழக்குக் கட்டுகளின் படங்களையும் இணையத்தில் வைத்திருக்கிறது. தேடும் பெட்டியில் முன்னோரின் பெயரைப் போட்டால் ஒரே பெயரில் நூறு பேர் வருவார்கள். அவர் நிலத்தை ஒட்டி ஓடிய ஓடையின் பெயரையும் பக்கத்து நிலக்காரரின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். கிடைத்த பக்கத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் நாலைந்து பக்கங்கள் புரட்டுங்கள். ஒரே நாளில் நீதிமன்றத்துக்குக் கிளம்பிய அக்கம்பக்கத்தார் தங்கள் பத்திரங்களையும் அன்றே பதிந்துவிட்டுத்தான் ஊர் திரும்பியிருப்பார்கள்.